ஆறாவது இழை

ராத்திரி ரெண்டு பத்து. அனுமந்தன்பட்டியில இருந்து மலையடிவாரத்துக்குப் போற ரோடு. ரெண்டு பக்கமும் திராட்சைத் தோட்டம்… ஒரு நாய் கூட இல்ல. ஏலே வினோத்ராஜ், அந்தப் போனை அணை. பாதியில எந்திரிச்சுப் போறவன் தனியாத்தான் போகணும், இப்பவே சொல்லிட்டேன்.

நடந்தது நம்ம ஓவியாவோட மதினிக்கு. பேரு தேவயானி. இன்டர்நெட் கம்பெனி ஒண்ணுல வேலை. வாய்க்கால்ல எந்த மடைய அடைச்சு எந்த மடையத் தொறக்கணும்னு பாப்பாகல்ல, அந்த மாதிரி வேலைதான். தண்ணிக்குப் பதிலா கேபிளுக்குள்ள ஓடுற வெளிச்சம். எந்த இழையில கூட்டம் ஜாஸ்தியோ, அங்கன இருந்து எடுத்து அடுத்ததுல விடணும். அந்த ரோட்டோரம் கம்பெனிக்கு ஒத்தை ரூம் இருக்கு. ராத்திரி ட்யூட்டின்னா ஆம்பளைகளே மாட்டேன்னு ஓடுன ரூம். இவ தானா கேட்டு வாங்கிட்டுப் போனவ.

அன்னைக்கு மெயின் ரோட்டுக் கேபிளை ஜேசிபி அத்துப் போட்டுருச்சு. கம்பம் டவுன் வரைக்கும் எல்லாம் இந்த ரூம் வழியா வர்ற ஒரே கேபிள்ல ஓடுது. அதுக்குள்ள முடி கனத்துல ஆறு கண்ணாடி இழை. கம்பத்துல ஒரு ஆஸ்பத்திரியில ஆபரேசன் நடக்குது. ஏலத்தோட்டத்து ஜீப் உருண்டு தலையில அடிபட்ட டிரைவர், சங்கிலினு பேரு. மதுரையில இருந்து பெரிய டாக்டர் ஸ்க்ரீன்ல பாத்துப் பாத்து வழி சொல்றாரு. லைன் போச்சுன்னா சங்கிலியும் போனாரு.

ரெண்டு பத்துக்கு முதல் இழை செத்துச்சு. டிக்… மெசின்ல சின்னச் சத்தம், அவ்வளவுதான். ரூம்ல இருந்து எத்தனை தூரத்துல அறுந்திருக்குனு காட்டுற பெட்டி ஒண்ணு உண்டு. மூவாயிரம் மீட்டர்னு காட்டுச்சு. அதுல ஓடுனதை அடுத்த இழைக்குத் திருப்புனா. ரெண்டு இருபது… ரெண்டாவது இழை. ரெண்டாயிரத்து எரநூறு. ரெண்டு முப்பது… மூணாவது. ஆயிரத்து நானூறு.

பத்து நிமிசத்துக்கு எண்ணூறு மீட்டர். மனுசன் நடக்குற வேகம்.

மேலதிகாரி ஈஸ்வரபாண்டிக்குப் போன் போட்டா. கதவைப் பூட்டிட்டு வண்டிய எடுத்துட்டு வந்துரும்மான்னாரு அவரு. முடியாதுன்னு வச்சுட்டா. மிச்ச இழையில எல்லாத்துக்கும் எடம் பத்தாதுன்னு ஒவ்வொண்ணா இறக்கி விட்டா. ஒரு ராத்திரி படம் பாக்காட்டி எவன் செத்தான்? முதல்ல அதை நிப்பாட்டுனா. பொறவு ரீல்ஸு, கடைக் கேமரா, எல்லாம். ரெண்டு நாப்பது… நாலாவது. அறநூறு. ரெண்டு நாப்பத்தேழு… அஞ்சாவது. நாப்பதே மீட்டர். மிச்சம் ஒரே இழை. அதுல ஆஸ்பத்திரி மட்டும்.

வெளிய சரளைக்கல்லு நறுக்… நறுக்குன்னுச்சு. கூடவே ஸ்பிரிட்டு வாடை. ஊசி போடுற எடத்துல அடிக்குமே, அதேதான். கேபிள் ஒட்டுற ஆளுக இழையத் துடைக்க அதைத்தான் வச்சிருப்பாக.

கேபிள் ரூமுக்குள்ள நுழையுற குழி வாசல்லயே இருக்கு, மேல சிமெண்டு மூடி. இவ என்ன செஞ்சா தெரியுமா? லேப்டாப்பைத் தூக்கிட்டு வெளிய போயி, அந்த மூடி மேலயே சம்மணம் போட்டு உக்காந்துட்டா. பயம் இல்லாம இல்லன்னு அவளே சொன்னா. ஆனா இருட்டைப் பாத்துச் சொன்னா பாரு…

"அஞ்சை எடுத்துக்கிட்ட, போகட்டும். இதைத் தொடணும்னா என்னையத் தாண்டித்தான் தொடணும். வா."

நடை நின்னுருச்சு. ஒரு முழம் தள்ளி… ஆளும் தெரியல, மூச்சும் கேக்கல. வாடை மட்டும் போகவே இல்ல. அவளும் அசையல. மூணு அஞ்சுக்கு ஆஸ்பத்திரியில இருந்து தகவல் வந்துச்சு, ஆபரேசன் முடிஞ்சது, சங்கிலி பொழச்சுக்கிட்டாருன்னு. அப்பவும் அவ எந்திரிக்கல.

விடிஞ்சு ஆறு மணிக்கு ஆளுக வந்தாக. அளந்து பாத்தாக. அஞ்சு இழையும் முழுசா இருக்கு, எங்கனயும் அறுந்த தடமே இல்ல. பொறவுதான் அவளை எந்திரிக்கச் சொல்லி மூடியத் தூக்குனாக.

ஆறாவது இழைய மட்டும் தனியாப் பிரிச்சு, மேல்தோலை உரிச்சு, வெட்டுறதுக்குத் தோதா ஸ்பிரிட்டு போட்டுத் துடைச்சு வச்சிருந்துச்சு. ஸ்பிரிட்டு, தடவுன அரை நிமிசத்துல காஞ்சு போற சாமான்…

அது ஈரமா இருந்துச்சு.