கடுக்காய்ப் பற்று

ஜவ்வாது மலைக் கடுக்காய்க்கு ஈடு கிடையாது சார். உடைத்தால் உள்ளே மஞ்சளாக இருக்கும், நாக்கில் வைத்தால் வாயே இறுகிப் போகும். பச்சைத் தோல் அழுகாமல் இருக்க அந்தச் சாறுதான் வேண்டும். நான் ஆம்பூர்ப் பக்கம் தோல் பதனிடும் ஷாப் ஒன்றில் ரசாயனம் பார்த்தவன். காய் வாங்கிச் சேர்க்கத்தான் எழுபத்தெட்டில் புதூர்நாட்டில் வீடு எடுத்தேன். பெற்ற தாய்க்கும் மேல் கடுக்காய் என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். நான் கட்டினவளுக்கே கடுக்காய் கொடுத்துவிட்டதாக உங்கள் ஏட்டையா வெளியில் சிரிப்பது இங்கே கேட்கிறது. சிரிக்கட்டும்.

என் மனைவி பூங்கோதைக்கு மார்பில் கட்டி வந்தது. வேலூரில் காட்டினோம். டாக்டர் அவளை வெளியில் உட்காரவைத்துவிட்டு என்னிடம் மட்டும் பேசினார். புருஷனிடம்தானே சொல்வார்கள். புற்றுதான், ஆனால் சின்னது, மார்பை எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்வாள் என்றார். நான் வெளியே வந்து வெறும் நீர்க்கட்டி என்று சொன்னேன். அவள் முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். என் அக்கா மாணிக்கம்மாள் இதே நோய்க்குக் கத்திக்குப் போய் மேசையிலேயே கண்ணை மூடியவள். பூங்கோதையையும் அப்படித் தூக்கிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அவள் பக்கத்தில் இல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

மதராஸில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இருக்கும் பஞ்சாட்சரம் என்னோடு படித்தவன். கடுக்காயின் பீனால் பொருள்களைப் பிரித்தெடுத்து, கண்ணாடித் தட்டில் வளர்த்த மார்புப் புற்று செல்கள்மேல் விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். மைக்ரோஸ்கோப்பில் எனக்கும் காட்டினான். அத்தனையும் சுருங்கிச் செத்துக் கிடந்தன. எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. "டேய், இது தட்டுடா. நல்ல செல்லை வெச்சாலும் கொல்லும். அவசரப்படாத," என்றான். தோலைத் தொட்டுப் பழகாதவன் வேறு எப்படிப் பேசுவான்.

மலைக்கு வந்ததும் காயைக் காய்ச்சிக் குழம்பாக்கி அவள் மார்பில் பற்றுப் போட்டேன். ஷாப்பில் தோலுக்குப் பதம் பார்ப்பதுபோலத் தினமும் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பேன். தோல் கறுத்தது, இறுகியது, கடைசியில் விரல் பதியவே இல்லை. மருந்து வேலை செய்கிறது என்பதற்கு எனக்கு வேறு அத்தாட்சி தேவைப்படவில்லை. கட்டி அக்குளுக்குப் போனபோது அங்கேயும் போட்டேன்.

அவள் பொறுமைசாலி. "இன்னாங்க, கையத் தூக்க முடில. நீர்க்கட்டின்னா இப்டியா நோவும்? வேலூருக்கே இட்டுனு போங்க," என்பாள். இன்னும் ஒரே ஒரு பற்று என்பேன். அவள் அழுதால் நானும் கூட உட்கார்ந்து அழுவேன். அழுது முடித்துவிட்டுப் பற்றை மாற்றுவேன்.

போளூரிலிருந்து அவள் தம்பி அர்ச்சுனன் ஜீப் பிடித்து வந்தான். வளைவில் வரும்போதே பார்த்துவிட்டேன். உள்ளறையைப் பூட்டினேன். காய் கொண்டுவந்திருந்த மலையாட்களை வாசலில் நிறுத்தி, உலக்கை கொடுத்து இடிக்கச் சொன்னேன். கடுக்காயைக் கல்லில் தட்டிக் கொட்டையை எடுப்பதுதான் வழக்கம், யாரும் உலக்கை போடுவதில்லை.

"அக்கா எங்க மாமா?"

"கோயிலுக்கு நேர்ந்துக்கினு போயிருக்கா. வர ரெண்டு நாளு ஆவும்."

உள்ளே அவள் தம்பியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். எனக்குக் கேட்டது. பக்கத்தில் இடித்துக்கொண்டிருந்த சடையனுக்கும் கேட்டது, உலக்கையை நிறுத்தித் திரும்பிப் பார்த்தான். இடி என்றேன், இடித்தான். அவன்தான் பிறகு மலையிறங்கி உங்களிடம் வந்திருக்கிறான் என்று நினைக்கிறேன்.

அர்ச்சுனன் அக்காவுக்கென்று வாங்கிவந்த கதம்பத்தைக் கொடுத்துவிட்டுப் போனான். அதை அவளிடம் நீட்டினேன். வாங்கவில்லை. அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசவும் இல்லை. களைப்பு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

தை பிறந்து சில நாளில் மூச்சு நின்றது. பிழைக்க வேண்டியவளைப் பூட்டி வைத்துச் சாகடித்தேன் என்று நீங்கள் எழுதியிருப்பது சொல்லுக்குச் சொல் சரி. மறுக்க எனக்கு ஒன்றும் இல்லை, கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். மூச்சு நின்ற பிறகும், நீங்கள் வந்து கதவை உடைக்கும்வரை நான் பற்று மாற்றிக்கொண்டுதான் இருந்தேன். தினமும் விரல் வைத்துப் பார்த்தேன். அந்த நாட்களில் கட்டி கடுகளவும் வளரவில்லை சார். பஞ்சாட்சரத்துக்கு அதைத் தெரியப்படுத்திவிடுங்கள்.