டையோப்டேஸ் கிடைத்த குழி

டையோப்டேஸ் கல்லை மோதிரத்தில் பதிக்கக்கூடாது. பார்க்கிறவர்கள் மரகதம் என்றுதான் நினைப்பார்கள். ஆனால் செம்பும் சிலிக்காவும் நீரும் சேர்ந்து உண்டான கல் அது. கத்தி முனை பட்டால் கீறல் விழும், லேசாகத் தட்டினாலே தளம் தளமாகப் பிளந்துவிடும். வறண்ட தேசங்களில், செம்புத் தாதுவின் மேற்பகுதி காற்றும் ஈரமும் பட்டு மாறுகிற இடத்தில் அபூர்வமாகக் கிடைக்கும். நமீபியா, காங்கோ, கஜகஸ்தான். மைசூர்ப் பக்கம் கிடைத்ததாக நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

தமிழிலேயே சொல்லலாம் என்றீர்கள், நன்றி, இன்ஸ்பெக்டர். நான் ரத்தினவேல். மைசூரில் ஒரு கல்லூரியில் நிலவியல் பேராசிரியர். வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் கண்டுபிடித்ததையே பாடம் நடத்தினேன். பெங்களூரில் ஒரு கனிமக் கண்காட்சியில் நமீபியக் கல் ஒன்று வாங்கினேன். ஹனூர் தாண்டி, காட்டோரத்தில் கைவிட்ட செம்புச் சுரங்கக்குழி ஒன்று இருக்கிறது. அதன் உள்சுவர் இடுக்கில் கல்லை வைத்து மண் பூசினேன். மறுவாரம் மாணவர்களோடு போய் நானே அதைக் கண்டெடுத்தேன். பேப்பரில் படம் வந்தது. அதில் யாருக்கும் நஷ்டமில்லை.

மோகனப்ரியா என்னிடம் ஆராய்ச்சி செய்த பெண். ஹனூர் விவசாயி சென்னப்பனின் மகள். ஒருநாள் மதியம் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

"சார், அந்தக் கல்லோட அடியில ஒட்டியிருக்கறது சுண்ணாம்புப் பாறைங்க. நம்ம குழியில சுண்ணாம்பே கெடையாதுங்களே."

"அதற்கு?"

"யாரோ உங்கள ஏமாத்தியிருக்காங்க சார். வேணும்னே கொண்டாந்து வெச்சிருக்காங்க. நான் யாருகிட்டயும் சொல்லலீங்க. உங்க பேரு கெட்டுப்போயிரும். அது நம்ம குழிக் கல்லு இல்லேன்னு நீங்களே மொதல்ல எழுதிட்டீங்கன்னா நல்லதுங்க."

என்மேல் அவளுக்குத் துளியும் சந்தேகமில்லை. அது எனக்கு ஆறுதலாக இல்லை. சந்தேகம் எப்போது வேண்டுமானாலும் வரும். இன்னொரு முறை குழியைப் பார்த்துவிட்டு எழுதலாம் என்றேன். உடனே சம்மதித்தாள். போகிற வழியில் எனக்குப் பிடிக்கும் என்று சாமராஜநகரில் இறங்கி வாழைப்பழம் வாங்கினாள்.

முந்தின வாரம் நல்ல மழை. குழிவாயின் கூரை ஊறிப்போயிருந்தது. ஒரே ஒரு பழைய மரமுட்டுதான் அதைத் தாங்கிக்கொண்டிருந்தது. அவள் டார்ச்சோடு உள்ளே தவழ்ந்து போனாள். "சுண்ணாம்பு இல்லீங்க சார், நான் சொன்னது சரிதான்" என்று அவள் குரல் கேட்டது. அதில் சந்தோஷம் இருந்தது. நான் சுத்தியலின் பின்பக்கத்தால் அந்த மரமுட்டைத் தட்டினேன். ஒரு தட்டுக்கு அது அசையவில்லை. ஆகவே ஓங்கித் தட்டினேன்.

நீங்கள் இதை விபத்து என்று எழுதியபோது நான் மறுக்கவில்லை. சென்னப்பன் சவக்கிடங்கு வாசலில் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "பாப்பா ரொம்பச் செரமப்பட்டுச்சுங்களா, சார்?" என்று கேட்டார். இல்லை, ஒரே நொடியில் முடிந்துவிட்டது என்றேன். அவர் என் கைகளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அன்றிலிருந்து சோற்றில் கை வைத்தால் அந்த ஈரம் தெரிகிறது. தூக்கம் சரியில்லை. அதனால்தான் உங்களிடம் வந்தேன்.

அவரிடம் சொன்னது உண்மையில்லை. மண் அவள் இடுப்புக்குக் கீழேதான் விழுந்திருக்க வேண்டும். இடிபாட்டுக்கு அந்தப் பக்கமிருந்து "சார், நீங்க பத்திரமா இருக்கீங்களா?" என்றுதான் முதலில் கேட்டாள். அப்புறம் வெறும் "சார்". வெயில் இறங்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தது. போனில் சிக்னல் இருந்தது. ஊரும் பக்கம்தான். நான் ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தேன், பதில் சொல்லவில்லை. பதில் சொல்லியிருந்தால் யாரோ காப்பாற்ற வருவார்கள் என்று அவள் நம்பியிருப்பாள். பிள்ளைகளுக்கு வீண் நம்பிக்கை கொடுக்கிற வாத்தியாராக நான் ஒருநாளும் இருந்ததில்லை.