இரைப்பைச் சாற்றுக்கு எண்ணெய்

போரும் பொருளாதாரத் தடையுமான காலம். கோப்பாய்க் கூட்டுறவுச் சங்கக்கடையில் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றோம். எனக்கு முன்னால் நின்ற இளைஞர் பக்கத்தில் நின்ற பெண்ணிடம் சொன்னார்:

“எனக்கு விளக்குக்கில்லை அக்கா. மாட்டின்ரை இரைப்பைச் சாறு ஆறாமல் வைக்க வேணும்.”

“என்ன தம்பி கதைக்கிறீர்?”

“நான் ஆய்வுகூடத்திலை வேலை. தடையாலை புண்ணாக்கு வராதெல்லே, அதுதான் எந்த இலை மாட்டுக்கு நல்ல தீன் எண்டு பாக்கிறம். சாற்றை ஊசிக்குழாயிலை விட்டு இலைத்தூளைப் போட்டால், புளிச்சு வாயு வரும். வாயு கூடினால் நல்ல தீன். கரண்ட் இல்லை, மண்ணெண்ணெய்க் குக்கரிலைதான் சுடுதண்ணி வைச்சு குழாயளைச் சூடாய் வைச்சிருக்கிறன்.”

“எந்த இலைக்கு வாயு கூட வந்தது?”

“பூவரசுக்கு நல்லாய் வருது.”

“அதுக்கு உவ்வளவு பாடே? மாட்டுக்குப் போட்டுப் பாத்தால் தெரியாதே?”

“போட்டுப் பாக்க மாடு வேணுமே, அக்கா. சாறு எடுக்கிற மாடு நேற்றுப் பின்னேரம் செத்துப்போச்சு. தீன் போதாமல்தான்.”

“பிறகென்னத்துக்கு எண்ணெய்?”

“நேற்றுக் காலமை எடுத்த அதின்ரை சாறு குழாயிலை இன்னும் புளிச்சுக்கொண்டிருக்கு. ஆறவிட மனமில்லை.”

எண்ணெய் முடிந்துவிட்டதென்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது. பெண் போய்விட்டாள். அவர் வெறும் போத்தலை மூடிக்கொண்டு அங்கேயே நின்றார்.