தண்ணி வத்துற நேரத்துல பொண்ணு பாக்க வந்தா

அய்யய்யோ, அதுல சாயாதீங்கக்கா, உருண்டு வந்து தலையில விழும்! துடுப்பு அது, துடுப்பு. ஒவ்வொருத்தர் வீட்டு ஹால்ல ஷோகேஸ் இருக்கும், பீங்கான் பொம்மை இருக்கும். நம்ம வீட்ல திருஇருதய ஆண்டவர் படம், பக்கத்துலயே துடுப்பு. ஃபாதர் வீடு மந்திரிக்க வந்தப்ப ரெண்டுக்கும் சேத்துத் தீர்த்தம் தெளிச்சிட்டுப் போனாரு. அவரு என்ன பண்ணுவாரு, பாவம்.

உக்காருங்க, உக்காருங்க. நாலு மணின்னா டாண்ணு நாலு மணிக்கே வந்து நிக்கிறீங்க! இந்த எம்ஆர்டி ரயிலுக்காக கிளமெண்டி பூரா தூணா நட்டு வச்சிருக்கானுங்க, குவீன்ஸ்டவுன்லேர்ந்து டாக்ஸி சுத்திக்கிட்டுதான் வரும், எப்படியும் லேட்டாவும்னு நெனச்சேன். இன்னிக்குன்னு பாத்து உங்க டாக்ஸிக்காரன் பறந்து வந்திருக்கான். நல்லது, நல்லது... பொண்ணா? வந்துடுவா லா. பக்கத்துலதான் போயிருக்கா. நீங்க காப்பியக் குடிங்க, அதுக்குள்ள வந்துடுவா.

தரகு பேசின பூவம்மா எல்லாம் சொல்லியிருப்பாங்களே? நம்ம கோயில் பங்குல அவங்களுக்குத் தெரியாத விஷயமே கெடையாது. தெரியாட்டியும் சொல்லிடுவாங்க. உங்களப் பத்தி என்கிட்ட இப்படித்தான் சொன்னாங்க: "அல்போன்சம்மாவுக்கு ஒரே மகன், ஆம்ப்ரோஸு, பேங்க்ல வேலை. நகை கேக்கல, சீர் கேக்கல. ஒரே ஒரு கண்டிசன்தான். கல்யாணத்துக்கு அப்புறம் பொண்ணு படகு, கேமரான்னு சுத்தக் கூடாது." அவ்வளவுதானே? எவ்வளவு பெரிய மனசு உங்களுக்கு! நானும் அப்பவே சரின்னுட்டேன். படகு வித்தாச்சு, வித்த மாதிரிதான்னு பூவம்மாகிட்ட நானே சொன்னேன்.

எல்லாம் என்னால வந்த வினைக்கா. எம்பொண்ணு பெலிசிட்டாவ நான் தையல் கிளாஸ்லதான் சேக்கப் போனேன். கம்யூனிட்டி சென்டர்ல தையல் ஃபுல்லாம். சமையல் ஃபுல்லாம். பூ ஜோடனைகூட ஃபுல்லாம்! "கயாக்ல எடம் இருக்கு ஆன்ட்டி"ன்னான் கவுண்டர்ல இருந்தவன். வீட்ல சும்மா கெடக்கறதுக்கு அதயாச்சும் கத்துக்கட்டுமேன்னு பணத்தக் கட்டிட்டு வந்தேன். வேற எந்தத் தாய்க்காச்சும் இந்த மூளை இருக்குமா சொல்லுங்க?

கயாக் படகு பாத்திருக்கீங்களா? ஒரு ஆளு கால நீட்டி உக்காரலாம், அவ்வளவுதான் அகலம். பொணப்பெட்டிகூட அதவிட தாராளமா இருக்கும். அதுல இவ உக்காந்துக்கிட்டு, மடியில என் முறுக்கு டின்னு. ஆமாக்கா, முறுக்கு டின்னு! மூடி இறுக்கமா இருக்காம், தண்ணி உள்ள போவாதாம், கேமரா வைக்க அதான் சரியாம். கிறிஸ்மஸுக்கு நான் முறுக்கு சுட்டுப் பால் பவுடர் டின்ல போட்டு வச்சேன். நமத்துப் போயி, ஒருத்தரும் தொடல. இந்த வீட்ல நாரைக்கு இருக்கற மரியாதை முறுக்குக்கு இல்ல.

ஆமா, நாரைதான். இவ்வளவு கூத்தும் அதுக்குத்தான். கொக்குன்னு சொல்லிடக் கூடாது, அம்மணிக்கு மூஞ்சி தூக்கிடும். பண்டான் ஆத்து முகத்துல, அந்தச் சேத்துக்காட்டு ஓரத்துல வந்து நிக்குமாம். சாம்பல் கலரு, ஆளு ஒசரத்துக்கு. சிங்கப்பூர்லயே இது ரொம்பக் கம்மியாம், மகாராணி! கரையிலேர்ந்து நடந்து போனா பறந்துடுமாம். கயாக்னா சத்தம் போடாம, தண்ணி போற போக்குலயே மெல்ல மெல்லக் கிட்ட போயிடலாமாம். போறா, போறா... ஒரு வருசமா போய்க்கிட்டே இருக்கா. இந்தாங்க, ஆல்பத்தப் பாருங்க. முதுகு. இதுவும் முதுகு. இது பறக்குது... அப்பவும் முதுகு. இதுல காலு மட்டும். இது நாரையே இல்ல, இவ கட்டை விரலு. சம்பளத்த ஃபிலிமா மாத்தி ஒரு பறவையோட முதுகுக்குத் தாரை வாத்திருக்கா. அதுக்குத் திரும்பிப் பாக்க மனசு வரல.

உங்க மகன் போட்டோ பாத்தேனே, என்ன அம்சம்! ஸ்டுடியோவுல போயி நேரா நின்னு, மூஞ்சி, டை, ரெண்டு காது, எல்லாம் தெளிவா தெரியுது. ஒன்னும் மறைக்கல. மறைக்கறதுக்கும் ஒன்னும் இல்லன்னு வச்சுக்குங்க... இல்லக்கா, நல்ல மாதிரியாத்தான் சொல்றேன்!

பாத்ரூமா? அய்யோ... கொஞ்சம் பொறுத்துக்க முடியுமாக்கா? உள்ள சேப்பு பல்பு மாட்டி, தட்டுத் தட்டா மருந்து ஊத்தி வச்சிருக்கா. படம் கழுவறதுக்கு. வரும்போதே மோந்து பாத்தீங்களே, நான்கூட ஊறுகாய்னு சொன்னேனே, அது ஊறுகாய் இல்ல, அந்த மருந்துதான். அவங்கப்பா போன வாரம் தெரியாம வெள்ளை லைட்டப் போட்டுட்டாரு, ஒரு பேப்பர் கட்டு பூரா கறுத்துப் போச்சு. அதுலேர்ந்து எங்க வீட்டுக்காரரு சொந்த வீட்டு பாத்ரூம் கதவத் தட்டி, "வரலாமா"ன்னு கேட்டுட்டுப் போறாரு. செத்து உயிரோட எந்திரிச்ச லாசரஸ் பேர வச்சாலும் வச்சாங்க, அந்த மனுசனுக்கு இன்னும் உயிர் வந்த பாடில்ல. இப்ப எங்கயா? கீழ காப்பிக்கடையில. வீட்ல இருந்தா வாய் தவறி ஏதாச்சும் உண்மையச் சொல்லிடுவாருன்னு நாந்தான் அனுப்பி வச்சேன்.

என்ன உண்மையா? அட, ஒன்னும் இல்லக்கா... மணி என்ன ஆச்சு? அஞ்சாவப் போவுதா? அஞ்சு மணிக்குத்தான் தண்ணி நல்லா வத்துமாம். அதுவரைக்கும் அது நின்னு மீன் புடிக்கும். அது போனாத்தான் இவ... ஆமா, பக்கத்துலன்னுதான் சொன்னேன். பண்டான் ஆறு பக்கந்தானே? பஸ் ஏறினா கொஞ்ச நேரம்.

கோவிச்சுக்காதீங்க, உக்காருங்க, சொல்றேன். படகு விக்கறதா சொன்னது பொய் இல்ல. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வந்து அவளக் கேட்டேன். "குவீன்ஸ்டவுன்காரங்க இப்படிச் சொல்றாங்க, அந்தப் படகக் குடுத்துடலாமாடி?" "சரிம்மா"ன்னா. "கேமராவையும்?" "சரிம்மா." என்கிட்ட எதுக்காச்சும் சண்டை போடாம இருந்திருக்காளா அவ? உப்புப் போட்டா சண்டை, போடாட்டி சண்டை, நான் சும்மா உக்காந்திருந்தா ஏன் சும்மா இருக்கேன்னு சண்டை. அவ சரிம்மான்னு சொன்னா அது சரியாக்கா? அன்னிலேர்ந்து வீட்ல சத்தமே இல்ல. சாப்பிட்ட தட்டக் கழுவி வைக்கறாக்கா. எனக்குப் பயமா இருக்கு!

இன்னிக்கு மத்தியானம் என் பட்டுப் புடவையக் கட்டிவிட்டேன். தேக்கா மார்க்கெட் வரைக்கும் போயி மல்லிப்பூ வாங்கியாந்து வச்சுவிட்டேன். இப்ப நீங்க உக்காந்திருக்கீங்களே, இதே நாற்காலியிலதான் உக்கார வச்சேன். பல்லு புடுங்க வந்தவ மாதிரி உக்காந்திருந்தா. ரெண்டு கையும் மடியில. இவ்வளவு லட்சணமா எம்பொண்ண நான் பாத்ததே இல்ல, பாக்கவும் முடியல.

அப்பத்தான் போன் அடிச்சுது. அப்துல் அஜீஸ் பாய். கடற்கரையில சம்பான் படகு வச்சிருக்காரு, அவரு கொட்டாயிலதான் இவ படகப் போட்டு வைக்கறது. "என்னம்மா, மக எங்க? அதோட பறவ வந்து நிக்குது. இன்னிக்கு ஒழுங்கா இந்தப் பக்கம் திரும்பி நிக்குது. சீக்கிரம் வரச் சொல்லுங்க"ன்னாரு.

எந்திரிச்சிட்டீங்களா? கேக் இன்னும் வெட்டவே இல்லையே... சரி, சரி, குடைய எடுத்துக்குங்க. எங்க மாடியில லிஃப்ட் நிக்காது, ஒரு மாடி எறங்கணும், படி பாத்து. அக்கா! இத மட்டும் கேட்டுட்டுப் போங்க. போன எடுத்தது நாந்தான். ராங் நம்பர்னு சொல்லி வச்சிருக்கலாம்ல? அவளுக்குத் தெரிஞ்சே இருக்காது. நானாப் போயி அவகிட்ட சொன்னேன். "அவங்க நாலு மணிக்கு வராங்களேம்மா"ன்னா. அப்பக்கூட சண்டை போடலக்கா, என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே கேட்டா. "தலையிலேர்ந்து பூவெல்லாம் எடுத்துக்கிட்டு நிக்காத, புடவைய மாத்திக்கிட்டு ஓடு. வர்றவங்ககிட்ட நான் பேசிக்கறேன்"னேன்.

பேசிட்டேன்ல?