குமட்டாத சவாரி

சைகால்: இப்ப? வயித்தப் பிரட்டுதா?

ஊலுக்: இல்லயே.

சைகால்: கொஞ்சங்கூட?

ஊலுக்: எஜே, எத்தன தடவ கேப்ப? குதிர பறக்குது, மலை பறக்குது, நான் சௌக்கியமா உக்காந்திருக்கேன். உன் தம்பிய நம்ப மாட்டியா?

தீலேக்: அக்காவும் தம்பியும் கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. ஒருத்தன் இங்க செத்துக்கிட்டிருக்கேன்.

ஊலுக்: தீலேக் பைகே, நீங்க வீ.ஆர். ஹெட்செட்டக் கழட்டி எவ்வளவு நேரமாச்சு... இன்னுமா சோபாவ விட்டு எந்திரிக்கல?

தீலேக்: கேம எழுதினவன் நானு. எனக்கே ரூம் சுத்துது. உங்கக்கா வேலைக்குக் கூப்பிட்டப்ப, வாந்தி எடுக்கறதும் வேலைல ஒண்ணுன்னு சொல்லல.

சைகால்: மேசைமேல குருத் இருக்கு பாரு. ஒரு உருண்ட வாயில போட்டு அடக்கிக்கோ. உப்பும் புளிப்பும் இறங்கினா நின்னுடும்.

தீலேக்: போட்டுத்தான் இருக்கேன். பாறையாட்டம் இருக்கு. தயிரக் காயவச்சீங்களா, சுட்டு வச்சீங்களா?

சைகால்: ஊலுக், கட்டைவிரலால ஸ்டிக்க முன்னாடி தள்ளு. இன்னும்... இன்னும். இப்ப சட்டுனு இடது பக்கம் திருப்பு.

ஊலுக்: திருப்பியாச்சு.

தீலேக்: திருப்பியாச்சாம். அந்தத் திருப்பத்துலதான் நான் கவுந்தேன். சைகால், எனக்கு ஒண்ணு புரியல. போன வாரமே பேசி முடிச்சோம்ல? ஸ்டிக் வேணாம், கைய நீட்டி எடத்தக் காட்டினா குதிர அங்க போய் நிக்கட்டும்னு. அதுல யாருக்கும் குமட்டாது. மறுபடி எதுக்கு இந்த எழவத் தூக்கிட்டு வந்த?

சைகால்: சும்மாதான்... பாக்கலாம்னு.

ஊலுக்: நல்லவேள. காட்டின எடத்துல போய் குதிக்கறதுக்கு அது குதிரையா, தெள்ளுப்பூச்சியா? குதிரையேறி உலாக் ஆடறவன் செத்த ஆட்டத் தொடைல இடுக்கிக்கிட்டு, பத்துப் பேரு இழுக்க இழுக்க ஓடணும் பைகே.

தீலேக்: அதனாலதான் நான் கார் கேம் போதும்னேன். கேட்டாளா உங்கக்கா?

சைகால்: தீலேக், குலுக்கலக் கூட்டு. சேணம் தூக்கிப் போடட்டும். வானம் ஒரு பக்கமா சாயட்டும்.

தீலேக்: இதுக்கு மேலயா? மனுஷனுக்குச் செய்யற காரியமா இது... சரி. கூட்டிட்டேன். நான் திரையப் பாக்கமாட்டேன்.

சைகால்: இப்ப?

ஊலுக்: ஜோரா இருக்கு.

சைகால்: வேர்க்கக்கூட இல்லயா?

ஊலுக்: எதுக்கு வேர்க்கணும்?

தீலேக்: எப்பிட்றா? நேத்து உங்க உலாக் டீம் கேப்டன் பிஷ்கெக் டவுனுக்கு வந்தப்ப இங்கயும் வந்தாரு. நடக்கப் பழகறதுக்கு முன்னாடி சேணத்துல ஏறினவரு. இதே ஹெட்செட்டு, இதே ஸ்டிக். மைதானத்த ஒரு சுத்து சுத்தல, வாளியக் கேட்டாரு.

ஊலுக்: கேப்டன் இங்க வந்தாரா? எங்கிட்ட சொல்லவேயில்ல... மூக்குப் பிடிக்கக் கறி தின்னுட்டு வந்திருப்பாரு.

தீலேக்: உன் வயித்துல என்ன தகரமா அடிச்சிருக்கு?

ஊலுக்: ஞாயித்துக்கிழம மைதானத்துக்கு வாங்க, காட்டறேன். இலையுதிர் காலத்துல குதிரைலேந்து விழுந்ததுக்கப்புறம் முத ஆட்டம். கேப்டன் என் பேரப் போட்டாச்சு.

சைகால்: ம்... ஊலுக், நீ சின்னதுல தோ-அஷூ கணவாய் ஏறும்போதெல்லாம்...

ஊலுக்: அத ஏன் இப்ப எடுக்கற?

சைகால்: மூணாவது வளைவு வர்றதுக்குள்ள அப்பா வண்டிய ஓரங்கட்டணும். இல்லாட்டி என் பாவாடை நாசம்.

தீலேக்: யாரு, இவனா?

ஊலுக்: சின்னப் பசங்க எல்லாருந்தான் வாந்தி எடுப்பாங்க.

சைகால்: போன கோடைல என் கார் சீட்டக் கழுவினியே, அப்பவும் சின்னப் பையனா?

ஊலுக்: அன்னிக்குப் புளிச்ச குதிரப்பால் குடிச்சிருந்தேன்.

சைகால்: சரி. அப்புறம் ஆஸ்பத்திரிலேந்து வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். அதே கணவாய். வழி நெடுகப் போனப் பாத்துக்கிட்டு, எண்ண ஒழுகற சம்சாவாத் தின்னுக்கிட்டு வந்த. ஒரு ஏப்பங்கூட விடல.

ஊலுக்: பசிச்சுது, தின்னேன்.

சைகால்: அன்னிக்கு நான் சந்தோஷப்பட்டேன்டா. ஒருவழியா இவன் பெரியவனாயிட்டான்னு.

ஊலுக்: ஆயிட்டேன். அதுக்கென்ன இப்ப?

தீலேக்: எனக்குத் தல கால் புரியல. குமட்டினா நல்லதா, குமட்டாட்டி நல்லதா? முதல்ல அதச் சொல்லுங்க.

ஊலுக்: இரு இரு... எஜே... வருது.

சைகால்: என்னது?

ஊலுக்: வயித்தப் பிரட்டுது. வாயெல்லாம் எச்சி ஊறுது... தாங்கல. சொன்னேன்ல, எல்லாரையும் மாதிரிதான் நானும்.

சைகால்: நெசமாவா? நெசமாவாடா? தீலேக், அந்த வாளிய இப்படித் தள்ளு...

தீலேக்: இரு சைகால். ஊலுக், எப்பலேந்து பிரட்டுது?

ஊலுக்: இதோ... இப்பத்தான். இந்த வேகத்துல.

தீலேக்: எந்த வேகத்துல? அக்கா கணவாய்க் கதைய ஆரம்பிச்சப்பவே நான் குதிரைய நிறுத்திட்டேன். பேச்சு மும்முரத்துல நீ கவனிக்கவேயில்ல, அது மரத்தடில நின்னு புல் மேயுது. புல் மேயற குதிர மேல உக்காந்து எவனாவது வாந்தி எடுப்பானா?

ஊலுக்: ...முன்னாடி ஓடினது இப்பத்தான் ஏறுது போல.

சைகால்: ஹெட்செட்டக் கழட்டு.

ஊலுக்: இதோ.

சைகால்: எந்திரி. காலச் சேத்து வச்சு நில்லு. கண்ண மூடு.

ஊலுக்: நான் என்ன குடிச்சுட்டா வந்திருக்கேன், போலீஸ்காரியாட்டம்...

சைகால்: மூடுடா.

ஊலுக்: ...மூடிட்டேன். பாத்தியா, நல்லாத்தான நிக்கி...

தீலேக்: டேய் டேய் டேய்... பிடிச்சிட்டேன். மேச முன மண்டைல ஏறியிருக்கும். என்னடா இது, வெட்டின மரமாட்டம் சாயற?

ஊலுக்: கால் வழுக்கிடுச்சு.

தீலேக்: கம்பளத்துலயா?

சைகால்: இருட்டுல செவத்தத் தடவிக்கிட்டுத்தான் நடக்கறன்னு அம்மா சொன்னா. போன் வெளிச்சம் இல்லாம ஓரடி வைக்கறதில்லயாம்.

ஊலுக்: ...அம்மா பாத்துட்டாளா.

சைகால்: இப்ப நீ சொல்லு.

ஊலுக்: காதுக்குள்ள ஏதோ இருக்காம். சாயறமா, நேரா நிக்கறமான்னு ஒடம்புக்குச் சொல்றது அதுதானாம். விழுந்ததுல ரெண்டு பக்கமும் செத்துப்போச்சாம். இனிமே எந்த வண்டில போனாலும் உனக்குக் குமட்டாதுன்னு டாக்டர் சொன்னாரு... நீ கணவாயப் பத்திப் பேசினதும் பயந்துட்டேன். அதான் நடிச்சுப் பாத்தேன்.

தீலேக்: அப்ப குமட்டாததுதான் வியாதியா? வாளியக் கட்டிக்கிட்டுக் கெடக்கற நான் ஆரோக்கியசாலியா?

ஊலுக்: சிரிச்சுக்கோங்க பைகே. எஜே, நீ கேளு. எனக்குக் கண்ணு நல்லாத் தெரியுது. பகல்ல தடுமாறாம நடக்கறேன். மைதானத்துல கண்ணத் தொறந்துக்கிட்டுத்தான இருப்பேன்.

சைகால்: ஆட்ட எடுக்கச் சேணத்துலேந்து தலகீழாத் தொங்குவியே, அப்ப? சுத்தியும் குதிரைங்க, கண்ணுல காதுல புழுதி. எது வானம் எது மண்ணுன்னு எதப் பாத்துடா தெரிஞ்சுப்ப? நேரா குளம்புக்கடிலதான் போவ.

ஊலுக்: அதுக்குன்னு குதிரைய விட்டுட்டு? எனக்கு வேற என்ன தெரியும்? படிச்சேனா, ஒரு தொழில் கத்துக்கிட்டேனா... கேப்டன்கிட்ட சொல்லிடாத எஜே. கெஞ்சிக் கேக்கறேன்.

தீலேக்: கொஞ்சம் இருங்க. அப்ப இது கேமுக்காகவே இல்லயா? நேத்தும் இன்னிக்கும் நான் குடலப் பிடுங்கி எடுத்ததெல்லாம்...

ஊலுக்: உனக்கு முன்னாடியே தெரியும். தெரிஞ்சுக்கிட்டேதான் என்னக் கூப்பிட்டிருக்க. என்ன மாட்டி விடறதுக்கா?

சைகால்: ஆஸ்பத்திரில உனக்குக் கையெழுத்துப் போட்டவ நான்டா. டாக்டர் எங்கிட்டயும் சொன்னாரு. நான்தான் நம்பல. காதப் பாத்த அந்த மிஷினு தப்பாக் காட்டியிருக்கும், இவனாவது குமட்டாம இருக்கறதாவதுன்னு... நேத்து கேப்டன வரச்சொல்லி எல்லாத்தையும் சொல்லிட்டேன். அப்பவே பேர எடுக்கறேன்னாரு. ஒரு நாள் பொறுங்க கேப்டன் பைகே, அவன உக்காரவச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்னு கையப் பிடிச்சுக் கேட்டேன். நீ ஒரே ஒரு தடவ வாந்தி எடுத்திருந்தாப் போதும் ஊலுக், ஞாயித்துக்கிழம நானே சேணம் கட்டி உன்ன அனுப்பியிருப்பேன்.