அய்யனாருக்கு இனிஷியல்

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு நாள், ஆண்டாளைச் சேவிக்க ராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறினேன். முன்சீட்டில் வக்கீல் ஆபீஸில் டைப் அடிக்கும் இரண்டு பெண்கள்; இளையவள் மடியில் தீர்ப்புகளின் பட்டியல் அச்சடித்த தாள். மூத்தவள் கேட்டாள்:

"ஏட்டி, அய்யனாருக்கு எதுக்கு இனிஷியல் போட்ட?"

"நான் எங்கக்கா போட்டேன்? பழைய தீர்ப்புகள வரிசையா அடுக்குற புது கம்ப்யூட்டர் புரோகிராம், 'அருள்மிகு'வ ஆள் பேருன்னு நெனச்சு இங்கிலீஷ்ல 'ஏ. அய்யனார்'னு சுருக்கிருச்சு."

"இனிஷியல்னா அப்பா பேருல்லா? சிவனுக்கும் பெருமாளுக்கும் பொறந்தவரு. போட்டா ரெண்டுல்லா போடணும்!"

யோசித்துப் பார்த்தேன். சரியாகத்தான் பட்டது.

"சிரிக்காதக்கா. சாமி பேர்லயே நிலம் இருக்கலாம்னு சொன்ன தீர்ப்பு அது. 'இது எவனோ ஏ. அய்யனாரோட கேஸு'ன்னு எதிர்த்தரப்பு வக்கீல் தள்ளிட்டா, இப்ப நாம வாதாடுற கோயில் நிலம் கைய விட்டுப் போயிரும்."

"அப்ப பேனாவால திருத்து. அருள்மிகுன்னு முழுசா எழுது."

"எடம் பத்தாதே."

"பொடிசா எழுதேன்."

இளையவள் பேனாவைத் திறந்து, பஸ் நிற்கும்வரை காத்திருந்தாள்.

"சாமி பேரையா? மாட்டேன். பக்கத்துல எதிராளி பேரு மேல ஏறுனா ஏறட்டும்."