சின்னவன் மாத்திரை

— தம்பியை அப்புறம் பார்க்கலாம், சார். முதல்ல இப்படி உட்காருங்க. அவரோட ரகசிய உறையைப் பிரிச்சாச்சு.

— ஏன் சிஸ்டர்? இந்த மருந்துச் சோதனையில ஆறு மாசம் முடியாம யாருக்கு என்ன மாத்திரைன்னு பார்க்கவே மாட்டோம்னு பெரிய டாக்டர் சொன்னாரே.

— உயிர் விஷயம்னா பார்த்துதானே ஆகணும். கண்ணெல்லாம் மஞ்சள், உடம்பு பூரா அரிப்பு, காய்ச்சல், ரத்தத்துல கல்லீரல் என்சைம் அளவு பத்து மடங்கு எகிறியிருக்கு. புது மருந்து வேலைன்னு நெனச்சுப் பிரிச்சோம். பார்த்தா, சின்னவருக்கு நாங்க குடுத்தது வெறும் மாவு மாத்திரை.

— மாவா?

— பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு மாவு. சேரும்போதே சொன்னோமே, சார்.

— இருக்காது சிஸ்டர். அவனுக்குத் தொப்பை கரைஞ்சு, பெல்ட்டுல ரெண்டு ஓட்டை உள்ள போயிருச்சே.

— தினம் ஒரு மணி நேரம் நடந்தாராம். சரி, விஷயத்துக்கு வர்றேன். மாவு சாப்பிட்டவருக்கு ஏன் மஞ்சள்? காரணம் தெரியலைன்னா கல்லீரல்ல ஊசி விட்டுச் சதை எடுத்துப் பார்க்கணும்ங்கறாங்க. வெளியில நாட்டு மருந்து ஏதாவது சாப்பிட்டாரா? கேட்டா, 'டப்பாவுல இருந்ததைத் தவிர எதையும் தொடலை'ன்னு அடிச்சுச் சொல்றார்.

— அவன் சொல்றது நெஜம்தான். ஊசியெல்லாம் வேண்டாம். நான் சொல்றேன், கேளுங்க.

— சொல்லுங்க.

— ரெண்டு பேருக்கும் ஒரே நோவு, கல்லீரல்ல கொழுப்பு. ஒரே நாள்ல சோதனையில சேர்ந்தோம். பஸ் ஓட்டி உட்கார்ந்தே கிடந்ததுல எனக்குத்தான் ரொம்ப முத்திப் போச்சு. ஆனா ரெண்டே மாசத்துல அவன் கல்யாண மாப்பிள்ளை கணக்கா ஆயிட்டான், நான் பூசணிக்காயாவே நிக்கிறேன். என் பொண்டாட்டியே, 'உங்க தம்பியைப் பாருங்க, எப்படித் தேறிட்டாரு'ங்கறா. படிப்பு அவனுக்கு, அப்பாவோட செல்லம் அவனுக்கு, இப்ப நல்ல மருந்தும் அவனுக்கேவான்னு வயிறு எரிஞ்சுது, சிஸ்டர்.

— சரி. அப்புறம்?

— போன மாசம் என் டப்பாவையும் எடுத்துக்கிட்டு அவன் வீட்டுக்குப் போனேன். குளிச்சுக்கிட்டிருந்தான். அவனுதை என் டப்பாவுல கொட்டி, என்னுதை அவன் டப்பாவுல போட்டுட்டேன். எல்லாம் பார்க்க ஒரே மாதிரிதானே. தலையைத் துவட்டிக்கிட்டே வந்தான், அவன் டப்பா மூடி என் கையில இருந்தது. தலைவலி மாத்திரை தேடினேன்னேன். ஒண்ணும் கேக்கலை, உக்காரச் சொல்லி டீ போட்டுக் குடுத்தான்.

— அப்ப உங்க டப்பாவுலதான் மருந்து இருந்திருக்கணும்.

— எனக்கு ரெண்டு மாசம் ஒண்ணும் பண்ணலையே.

— ஒருத்தருக்கு ஒத்துக்கறது இன்னொருத்தருக்கு ஒத்துக்காது. அதைத் தெரிஞ்சுக்கத்தான் இந்தச் சோதனையே. நேத்தே மாத்திரையை நிறுத்தியாச்சு, இனிமே மெல்ல இறங்கும். இருங்க, டாக்டர்கிட்ட சொல்லணும்.

— பொழைச்சுக்குவான்ல?

— பொழைச்சுக்குவார்.

— டாக்டர்கிட்ட சொல்லுங்க, எனக்கு என்ன தண்டனைன்னாலும் சரி. அவனுக்கு மட்டும் தெரிய வேண்டாம், சிஸ்டர். அப்புறம் அவன் முகத்துல நான் முழிக்க முடியாது.

— காலையில ரத்தம் எடுக்கப் போனேன், சார். 'என் மாத்திரை எங்க அண்ணனுக்குக் கேக்குதா, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க'ன்னார். காய்ச்சல்ல உளறுறார்னு நெனச்சு வந்துட்டேன்.